புதுசா வந்த சொகுசு செடானா, ஜெர்மன் காரா? குமரி மாவட்டத்தில் வாங்குபவர் போட வேண்டிய கணக்கு

ஷோரூம் விலையை மட்டும் வைத்து இரண்டு சொகுசு கார்களை ஒப்பிட்டால் கணக்கு கட்டாயம் பிசகும். வரி, சர்வீஸ் சென்டரின் தூரம், வீட்டு போர்ச்சின் நீளம், விற்கும்போது கிடைக்கும் தொகை ஆகிய நான்கும் சேர்ந்துதான் எது மலிவு என்று சொல்லும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவருக்கு வரும் விடை சென்னைக்காரருக்கு வரும் விடையாக இருக்காது.

ஒரு பக்கம், ஜெர்மன் கார்களைவிட விலை குறைந்த புதிய வண்டிகள். சீன நிறுவனமான பிஒய்டியின் மின் கார் சீல் 2024 மார்ச்சில் 41 லட்சத்தில் வந்தது. ஒன்பதாம் தலைமுறை டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) 2024 டிசம்பரில் 48 லட்சத்தில் வந்தது. மறுபக்கம் மெர்சிடிஸ் சி-கிளாஸ், நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) கொண்ட பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4. கணக்குக்காக இந்தப் பக்கத்தை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் நாளின் கொட்டேஷனை இந்த எண்களின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வரி

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 2023 நவம்பரில் வந்த விகிதம் இது. கேம்ரிக்கு 48 லட்சத்தில் 9.6 லட்சம் வரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்கி உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அது 48,000. இன்சூரன்ஸ் சேர்க்காமலே 58.08 லட்சம். 60 லட்சம் ஜெர்மன் கார் இதே கணக்கில் 72.6 லட்சம் ஆகிறது. ஷோரூமில் 12 லட்சமாக இருந்த வித்தியாசம் ரோட்டுக்கு வரும்போது 14.5 லட்சம். டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பில் யார் பெயரில், எந்த பான் எண்ணில் போடப்படுகிறது என்று பாருங்கள். அப்பா பெயரில் வண்டி, மகன் கணக்கிலிருந்து பணம் என்று போனால் அந்தத் தொகையைத் திரும்ப எடுக்க அலைய வேண்டிவரும்.

மின் காருக்குக் கணக்கே வேறு. ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்; பெரிய பெட்ரோல், டீசல், ஹைபிரிட் செடான்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தமிழ்நாடு மின் வண்டிகளுக்கு ஆயுள் வரி விலக்கும் தந்துவந்திருக்கிறது. பதிவு செய்யும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். விலக்கு இருந்தால் 41 லட்சம் சீல் டிசிஎஸ் சேர்ந்து 41.41 லட்சம். 60 லட்சம் காரோடு 19 லட்சமாக இருந்த இடைவெளி 31 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

களியக்காவிளையைத் தாண்டி கேரளாவில் வாங்கலாமே என்று பலரும் கேட்பார்கள். வாங்கலாம், தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து டிஎன் 74 அல்லது டிஎன் 75-ல் பதிவு செய்துகொள்ளுங்கள். கேரளப் பதிவிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவு எண்ணை மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்போது இங்கேயும் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதைத் திரும்ப வாங்குவது தனி வேலை.

டேப்பை எடுத்துப் போர்ச்சை அளந்து பாருங்கள்

கேம்ரியின் நீளம் 4,920 மி.மீ. 16 அடி போர்ச் என்பது 4,877 மி.மீ.தான். கேட்டைச் சாத்த முடியாது. சீல் 4,800 மி.மீ.; உள்ளே போகும், ஆனால் டிக்கியைத் திறக்கப் பின்னால் நிற்க இடம் இருக்காது. சி-கிளாஸ் 4,751 மி.மீ. அகலத்திலும் இதே கதை. சீல் கண்ணாடி நீங்கலாக 1,875 மி.மீ.; இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் 2 மீட்டருக்கு மேல். 8 அடி கேட் வழியாகப் போகும். ஆனால் ஒரு வண்டி மட்டுமே போகிற முடுக்கில் திரும்பி அந்த கேட்டுக்குள் நுழைய முடியுமா என்பதை ஓட்டிப் பார்த்தே சொல்ல முடியும். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த விலையில் மறுக்க மாட்டார்கள்.

வீட்டு வாசல் சரிவில் ஏற்றும்போது நான்கு பேரை உட்கார வைத்து, டிக்கியில் இரண்டு பெட்டியும் வைத்து ஏற்றுங்கள். சேல்ஸ்மேனும் நீங்களும் மட்டும் இருந்தால் அடி தட்டாது. குடும்பத்தோடு வந்தால் தட்டும். வீல்பேஸ் நீளமான வண்டிக்கு முன் பம்பர் தப்பினாலும் வயிறு தட்டும். 3 சீரிஸின் வீல்பேஸ் 2,961 மி.மீ., சீலுக்கு 2,920, சி-கிளாஸுக்கு 2,865, கேம்ரிக்கு 2,825. கிராமச் சாலைகளில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளை ஒரு சக்கரம் முன்னும் ஒரு சக்கரம் பின்னுமாகக் குறுக்காக ஏற்றினால் கொஞ்சம் தப்பிக்கலாம். சீலில் தரைக்கு அடியில் இருப்பது பேட்டரி என்பதை மறக்க வேண்டாம்.

டயரின் பக்கச் சுவர் உயரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேம்ரியின் டயர் 235/45 ஆர்18. 235-ல் 45 சதவீதம், அதாவது சுமார் 106 மி.மீ. ரப்பர் குழியைத் தாங்க இருக்கிறது. 225/40 என்று எழுதியிருந்தால் 90 மி.மீ.தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் இறங்கினால் அந்த 16 மி.மீ.தான் டயர் வீங்குவதையும் அலாய் வளைவதையும் தடுக்கும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. குழிகளும் வருடத்தில் இரண்டு தடவை புதுசாக வரும். ரன்-ஃபிளாட் டயர் பொருத்திய வண்டியானால் பஞ்சரான பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. ஓட்டலாம். ஆனால் ஸ்டெப்னி இருக்காது, ரைடு கொஞ்சம் முரடாக இருக்கும், அந்த அளவு டயர் நாகர்கோவில் கடைகளில் கையிருப்பில் இருப்பதும் சந்தேகம். ஒரு டயரின் விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் உள்ளூர் டயர் கடையிலேயே கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவை நகருக்குள் ஒரு சுற்றோடு முடித்துக்கொள்ள வேண்டாம். தக்கலை வழியாக மார்த்தாண்டம் வரை நெரிசலில் ஓட்டினால் ஏசியும் கியர் மாற்றமும் தெரிந்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் வளைவும் சஸ்பென்ஷனும் தெரியும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே வேகமாகப் போகும்போது பக்கக் காற்று எவ்வளவு தள்ளுகிறது, கண்ணாடி ஓரம் எவ்வளவு சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். ஆடி மாதத்தில் போனால் இன்னும் நல்லது. முட்டி வலியுள்ள பெரியவர்களைப் பின் சீட்டில் இருபது நிமிடமாவது உட்கார வையுங்கள். சீலில் பேட்டரியால் தரை உயர்ந்திருப்பதால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறையும். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இது தெரியாது.

சர்வீஸும் பார்ட்ஸும்

டொயோட்டாவுக்கு நாகர்கோவிலிலேயே சர்வீஸ் இருப்பது பெரிய விஷயம். ஆனாலும் கேம்ரியின் ஹைபிரிட் பகுதியை அங்கேயே திறந்து பார்ப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா என்று சர்வீஸ் அட்வைஸரிடம் கேளுங்கள். சேல்ஸ்மேனிடம் கேட்டுப் பயனில்லை. மற்றவற்றுக்குத் திருவனந்தபுரம் அல்லது மதுரை என்று கணக்கு வையுங்கள். நாகர்கோவிலிலிருந்து முன்னது சுமார் 70 கி.மீ., பின்னது சுமார் 245 கி.மீ. வண்டி வழியில் நின்றுவிட்டால் கட்டி இழுக்க விடாதீர்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் ஹைபிரிட்டிலும் மின் காரிலும் மோட்டார் கெடும். பிளாட்பெட் ரெக்கவரி வண்டி இலவசமாக எத்தனை கி.மீ. வரை வரும் என்பதை ரோட்சைடு அசிஸ்டன்ஸ் தாளில் படித்துப் பாருங்கள்.

சி-கிளாஸ் புனே அருகே சாகனிலும், 3 சீரிஸ் சென்னை அருகிலும், கேம்ரி பெங்களூரு அருகே பிடதியிலும் பொருத்தப்படுகின்றன. சீல் முழு வண்டியாக இறக்குமதியாவது. இறக்குமதி வண்டிக்கு பம்பரோ ஹெட்லைட்டோ கப்பலில் வர வேண்டியிருந்தால் சின்ன இடிக்கும் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். அதனால் ஐந்து பொருட்களுக்கு விலையும் வர ஆகும் நாளும் எழுத்தில் வாங்குங்கள்: ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், 12 வோல்ட் பேட்டரி, ஒரு பக்கக் கண்ணாடி. முன் கண்ணாடியில் கேமரா இருந்தால் மாற்றிய பிறகு கேலிபரேஷன் (கேமராவின் பார்வையைச் சரிசெய்வது) செய்ய வேண்டும். அந்தக் கூலியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கத் தயங்கும் டீலரிடம் பின்னாளில் என்ன கிடைக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கம்பெனி நாட்டை விட்டே போய்விட்டால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தது. புது பிராண்டை ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவர் இந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எரிபொருள் கணக்கை எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள், உண்மையில் சிறியது. வருடத்துக்கு 12,000 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். கேம்ரிக்குக் கம்பெனி சொல்வது 25.49 கி.மீ.; குறைத்து 16 என்றே பிடித்தாலும் வருடம் 75,000. பெட்ரோல் ஜெர்மன் கார் 10 தந்தால் 1,20,000. ஐந்து வருடத்தில் வித்தியாசம் 2.25 லட்சம். வரி வித்தியாசமே இதைவிட அதிகம். விற்கும்போது போகும் பணமோ பல மடங்கு. கட்டிய வரி திரும்பி வராது என்பதையும் சேருங்கள்.

டீசலை நினைப்பவர், தினமும் வடசேரி, செட்டிகுளம், கோட்டாறு என்று ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவரானால் வேண்டாம். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் நன்றாகச் சூடாகி இடைவிடாமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். குறுகிய ஓட்டத்தில் கரி அடைத்து விளக்கு எரியும்.

சீலின் சின்ன பேட்டரி 61.44 கிலோவாட் மணி. 7 கிலோவாட் சார்ஜரில் காலியிலிருந்து நிரம்ப சுமார் 9 மணி நேரம். மின் கட்டண அட்டையில் அனுமதிக்கப்பட்ட சுமையைப் பாருங்கள். ஏசியும் மோட்டாரும் சார்ஜரும் சேர்ந்து ஓட அது போதாவிட்டால் முதலில் சுமையைக் கூட்ட விண்ணப்பியுங்கள், தனி எர்த் போடுங்கள். கம்பெனி சொல்லும் 510 கி.மீ.யில் 70 சதவீதம், அதாவது 350 என்று பிடித்தால் திருநெல்வேலி போய்வரக் கவலையில்லை. மதுரை போய்வர வழியில் ஒருமுறை சார்ஜ் தேவை. முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு விஷயம்: மின் காரும் ஹைபிரிட்டும் மோட்டாராலேயே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் டிஸ்க் சும்மா இருந்து உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். வாரத்தில் ஓரிரு நாள் பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அண்டர்கோட்டிங் போடுபவர் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் போடாததைவிட மோசம்.

மூன்றாவது வழியும் உண்டு: அதே பணத்துக்கு மூன்று வருடம் ஓடிய ஜெர்மன் கார். முதல் பெரிய விலைச் சரிவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் கம்பெனி வாரண்டியை நீட்டிக்க முடிகிற வண்டியை மட்டுமே பாருங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு எடுங்கள். சென்னை வண்டியானால் வெள்ளத்தில் மூழ்கியதா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து சேற்றுக்கோடு இருக்கிறதா என்றும், சீட்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் கணிப்பில், ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு இந்த மாவட்டத்தில் கேம்ரி போதும். சொந்த வீடும் சார்ஜருக்கு இடமும் உண்டு, ஓட்டம் திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில்தான் என்றால் சீல் கணக்கில் ஜெயிக்கும். மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் ஜெர்மன் காரை பைபேக் விலை (கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும் விலை) எழுத்தில் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம்.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), இன்ஜின் புரொடெக்ட், டயர் கவர், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ பில் விலை தருவது) நான்கும் வேண்டும். ஜீரோ டெப் இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலை உங்கள் தலையில். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் போகும். சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது.

வளைகுடாவிலோ கப்பலிலோ வேலை பார்ப்பவர் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். ஹைபிரிட்டிலும் மின் காரிலும்கூட 12 வோல்ட் பேட்டரி செத்தால் வண்டி உயிர்பெறாது. பேட்டரி மெயின்டெய்னரை (சார்ஜ் இறங்காமல் காக்கும் சிறு சார்ஜர்) மாட்டிவிட்டுப் போங்கள். மின் காரைப் பாதி சார்ஜில் நிறுத்துங்கள். எலி வயரைக் கடித்தால் பாலிசியில் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பாக்கிப் பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் வாங்குங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். எல்லா டயருக்கும் பாருங்கள். உற்பத்தி முந்தைய ஆண்டு என்றால் தள்ளுபடி கேட்க வேண்டியது அப்போதுதான். பதிவான பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.