வைரஸ் இனம் தாவும் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விலங்கினத்தின் வைரஸ் வேறோர் இனத்துக்குத் தாவுமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி தன் அட்டவணையைக் காட்டினாள். ஒரு பத்தியில் விலங்குகளின் பெயர். அடுத்த பத்தியில் 'தொற்றும்', 'தொற்றாது'. விலங்குக்கு ஒரே ஒரு மரபணு வரிசை, அதுவும் தரவுத்தளத்திலிருந்து இறக்கியது. பத்து வருடத்துக்கு முன் நான் போட்ட அதே அட்டவணை. லேபிள் ஒட்ட மறப்பது மாதிரியான பிழைகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். நான் சொல்ல வருவது மாதக்கணக்கில் காலத்தைத் தின்னும் தவறுகளை.

ஓர் இனத்துக்கு ஒரே மரபணு வடிவம் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மேற்கு ஆப்பிரிக்கச் சூட்டி மேங்கபி குரங்கின் உடம்பில் இருக்கும் எஸ்ஐவி (எச்ஐவியின் குரங்கு உறவு) வைரஸ் அதற்குப் பெரும்பாலும் நோய் தருவதில்லை. அமெரிக்காவில் அடைத்து வளர்த்த இடங்களில் அது ஆசிய ரீசஸ் குரங்குக்குத் தாவி, எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கியது. அந்த வகை வைரஸை ரீசஸின் ரத்த செல்களில் வளர்ப்பது என் வேலை. முதல் முறை நன்றாக வளர்ந்தது. அடுத்த முறை வேறு குரங்குகளின் ரத்தம் வந்தது. வைரஸ் எழும்பவே இல்லை. வைரஸ் கெட்டுவிட்டது என்று புதிதாகத் தயாரித்தேன். செல் வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் சீரத்தை மாற்றினேன். இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டேன். ஐந்து மாதம் போயிற்று. எந்தக் குரங்கின் செல் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

காரணம் டிரிம்5 என்ற மரபணு. செல்லுக்குள் வந்த ரெட்ரோவைரஸின் (எச்ஐவி, எஸ்ஐவி இந்த வகைதான்) மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் கேப்சிட் என்ற புரதக் கூட்டை இதன் புரதம் பிடித்து, வைரஸ் காலூன்றும் முன்பே முடக்கிவிடும். ரீசஸின் புரதம் மனிதனுக்கு எய்ட்ஸ் தரும் எச்ஐவி-1ஐத் தடுக்கிறது என்பது 2004இல் தெரிந்தது. மனிதனுடையது அப்படித் தடுப்பதில்லை. ஆனால் அதில் 332ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றை மாற்றினாலே தடுக்கும் திறன் வந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு 'ரீசஸ் என்றால் தடுக்கும்' என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ரீசஸுக்குள்ளேயே அந்த மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒன்றில் மூன்று அமினோ அமிலங்கள் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ஒன்றுதான் இருக்கும். முதல் வடிவம் மேங்கபியிலிருந்து வந்த வைரஸை நிறுத்தும், மற்றது விட்டுவிடும். என் இரண்டு பேட்ச் ரத்தத்துக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். ரீசஸில் நிலைத்துவிட்ட வைரஸ்களின் கேப்சிட்டில் இந்தத் தடையைத் தாண்டும் மாற்றங்களே பதிந்திருக்கின்றன.

எலியிலும் இதே கதை. ஏ2ஜி வகை எலிகள் இன்ஃப்ளூயன்சாவைத் தாங்குவதை லிண்டன்மன் என்ற ஆய்வாளர் 1962இல் காட்டினார். அவற்றில் இந்த வைரஸைத் தடுக்கும் எம்எக்ஸ்1 மரபணு வேலை செய்கிறது; பெரும்பாலான ஆய்வக எலி வகைகளில் அது பழுது. அப்புறம் எப்படி 'எலி தாங்காது' என்று ஒற்றை வரியில் எழுதுவது?

செல் வந்த அன்றே விலங்கின் எண்ணைக் குறித்துவையுங்கள். நாலைந்து விலங்குகளிலாவது அந்த மரபணுவின் வரிசையைப் படித்துவிட்டு அப்புறம் வைரஸைத் தொடுங்கள். ஒரு வாரம் கூட ஆகாது.

உறவுக்கார இனங்களைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணுவது

ஒரே வீட்டு அண்ணன் தம்பி நாலு பேரைக் கேட்டுவிட்டு நாலு சாட்சி என்பது போல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 51 பழ ஈ இனங்களுக்குள், பழ ஈக்களைத் தொற்றும் சிக்மா வைரஸ்களைச் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் எவ்வளவு பெருகும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது ஈக்களின் வம்சாவளிதான். வம்சாவளியைக் கணக்கில் சேர்க்காமல் புள்ளியியல் போடாதீர்கள்.

செல்லுக்குள் நுழைந்தால் விலங்கிலும் பரவும் என்று நம்புவது

பரவ வேண்டியதில்லை. 2020இல், பன்றியின் ஏசிஇ2 ஏற்பியை (கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசல்) வைத்த செல்களுக்குள் கோவிட் வைரஸ் நுழைந்தது. பன்றிகளுக்கே கொடுத்தபோது சரியாகப் பெருகவில்லை.