ஐம்பதில் வேலையை விட்டால் அறுபது வரை: நமக்கு நாமே சம்பளம் போட்டுக்கொள்வது எப்படி?

அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு வழி ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. 58 வயதில் பி.எஃப். பென்ஷன், 60 வயதில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், வங்கி டெபாசிட்டுக்குக் கூடுதல் வட்டி என்று ஒவ்வொன்றும் வரிசையாக வரும். ஐம்பது, ஐம்பத்திரண்டில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிக்கொண்டோ ஆட்குறைப்பிலோ வெளியே வருகிறவருக்கு இதில் பெரும்பாலானவை கைக்கு எட்டாது. மொத்தமாக ஒரு தொகை வந்திருக்கும், மாதச் சம்பளம் நின்றிருக்கும். நடுவில் இருக்கும் அந்த எட்டுப் பத்து வருடங்களைக் கடப்பதற்குத்தான் திட்டம் வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தனியார் கம்பெனியில் வேலை, 52 வயது. சொந்த வீடு, கடன் இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது. அது போக, பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடி. உங்கள் தொகை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான். இங்கே சொல்லும் வட்டி விகிதங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரம். அஞ்சலகத் திட்டங்களின் வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், போடும் அன்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதல் மூன்று மாதம் பணத்தை அசைக்காதீர்கள்

செட்டில்மென்ட் வந்த செய்தி உங்களுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வருவார். வங்கியிலிருந்து போன் வரும். தூரத்துச் சொந்தம் ஒருவர் மனை காட்ட அழைப்பார். இன்னொருவர் ‘மாசம் 3 வட்டி, தெரிஞ்ச ஆளு’ என்பார். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நேர்மையான எந்தத் தொழிலும் அவ்வளவு வட்டியை வருடக்கணக்கில் கொடுத்துத் தாங்காது.

பணத்தைக் குறுகிய கால டெபாசிட்டில் போட்டுவிட்டு, கேட்பவர்களிடம் சொல்ல ஒரு பதிலைக் கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாத்தையும் டெபாசிட்ல போட்டாச்சு மாமா, அந்த வட்டியிலதான் வீடே ஓடுது” என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னால் பேச்சு அதோடு முடியும். கைமாத்து கேட்பவருக்குத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் தொகையை மட்டும் கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் வேண்டாம். சம்பளம் இருந்தபோது அது ஒரு உதவி. இப்போது அது உங்கள் முப்பது வருட உழைப்பின் மேல் போடும் கையெழுத்து.

வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். எத்தனை கிளையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். அரை சதவீதம், ஒரு சதவீதம் கூடக் கிடைக்கிறதே என்று சிறிய வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ போனால் இந்த வரம்பைத் தாண்டாதீர்கள்.

வரியையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள். தனியார் ஊழியருக்குக் கிராஜுவிட்டியில் 20 லட்சம் வரை, விடுப்பு ஒப்படைப்புத் தொகையில் 25 லட்சம் வரை, விதிகளுக்கு உட்பட்ட வி.ஆர்.எஸ். இழப்பீட்டில் 5 லட்சம் வரை வரிவிலக்கு உண்டு. அலுவலகம் தரும் வருமான வரிச் சான்றிதழில் இவை சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 2: வீட்டுச் செலவை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்

‘மாசம் முப்பதாயிரம் ஆகும்’ என்று வாயால் சொல்லும் தொகை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கடைசிப் பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பால், மளிகை, காஸ், வீட்டு வேலை செய்பவர் சம்பளம் எல்லாம் எளிதில் வந்துவிடும். விட்டுப்போவது மாதா மாதம் வராதவைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வண்டி இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், தீபாவளித் துணிமணி, குலதெய்வக் கோயில் பயணம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை.

அப்புறம் மொய். நம் ஊர்க் குடும்பத்தில் இது சின்னச் செலவு இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். இன்னும் திருப்பிச் செய்யாத பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ஒரு டிக் போடுங்கள். அந்த வீடுகளில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள், காதுகுத்து எப்போது வரும், யார் புது வீடு கட்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பத்து வருடத்துக்கு முன் ஆயிரம் செய்தவருக்கு இன்று ஆயிரமே வைக்க முடியாது. தோராயமாக வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை எழுதிக்கொண்டால், ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் வரிசையாக வரும்போது மனம் கலங்காது. இந்தக் கணக்கை ஓய்வுத் திட்டம் போட்டுத் தருகிற எவரும் கேட்பதில்லை, நம் வீட்டில் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் உதாரணக் குடும்பத்துக்கு மாதச் செலவு 34,000, வருடச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்தது 6,000, ஆக மொத்தம் 40,000 என்று வைப்போம். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 52 வயதில் 40,000 என்றால் 64 வயதில் 80,000, 76 வயதில் 1,60,000. முழுத் தொகையையும் டெபாசிட்டில் போட்டு வட்டியைச் சாப்பிடும் திட்டம் முதல் சில வருடம் நன்றாகத் தெரிந்தாலும் பிற்பாடு போதாமல் போவது இதனால்தான்.

பணம் போதுமா? வருடச் செலவைப்போல் 25 மடங்கு வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் செய்த கணக்கிலிருந்து வந்தது அது. அது அந்த நாட்டுச் சந்தைக்கும் 30 வருட ஓய்வுக்கும் போட்டது. இங்கே 52 வயதில் நிற்பவர் இன்னும் 35 வருடத்துக்கு யோசிக்க வேண்டும், விலைவாசியும் இங்கே வேகமாக ஏறுகிறது. அதனால் 30 மடங்குக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 4.8 லட்சம், அதை 30-ஆல் பெருக்கினால் 1.44 கோடி. நம் குடும்பம் தேறிவிடுகிறது. உங்களுக்கு 20 மடங்குதான் இருக்கிறதென்றால் பயப்பட வேண்டாம். மாதம் பதினைந்தாயிரம் வருகிற ஏதாவது ஒரு வேலையை ஏழெட்டு வருடம் செய்தாலே நிலைமை நிறைய மாறும்.

படி 3: வேலையை விடுவதற்கு முன்பே மருத்துவக் காப்பீடு

ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் இது நடக்க வேண்டும். வேலை போன அன்று கம்பெனியின் குரூப் பாலிசியும் போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு, மனிதவளத் துறையில் முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 3 வருடம். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏஜெண்ட் ‘வேண்டாம் சார், விடுங்க’ என்று சொன்னாலும் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

படி 4: மூன்று பங்கு, ஒரு சம்பளம்

முதல் பங்கு அவசரத்துக்கு. ஆறு மாதச் செலவும் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகையுமாகச் சேர்த்து 8 லட்சம். உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது பங்கு அடுத்த ஐந்து வருடச் சம்பளம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஜாயிண்ட் கணக்காக 15 லட்சம் வரை போடலாம், தனிக் கணக்கில் 9 லட்சம். வயது வரம்பு இல்லை என்பதால் இந்த இடைவெளிக்கு நன்றாகப் பொருந்தும். 7.4 சதவீதத்தில் 15 லட்சத்துக்கு மாதம் 9,250 வரும். 40,000-இல் அது போக மீதி 30,750, வருடத்துக்கு 3.69 லட்சம். செலவு ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால், அடுத்தடுத்த வருடங்களுக்கு ஏறக்குறைய 3.98, 4.28, 4.61, 4.95 லட்சம் தேவைப்படும். முதல் வருடப் பணம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மற்ற நான்கையும் ஒரு வருடம், இரண்டு, மூன்று, நான்கு வருடம் என்று தனித்தனி டெபாசிட்டாகப் போடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்று முதிர்ந்து அடுத்த வருடச் சம்பளமாகக் கையில் வரும். ஐந்தும் சேர்ந்து 21.5 லட்சம்தான்.

மூன்றாவது பங்கு மீதியுள்ள ஒரு கோடியே ஐந்தரை லட்சம். அறுபதுக்குப் பிறகு உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான். 55 வயதுக்கு முன்பே வேலையை விட்டவரின் பி.எஃப். தொகைக்கு, எடுக்காமல் விட்டால் 58 வயது வரை வட்டி சேரும். 2024-25க்கு அது 8.25 சதவீதம். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அப்படியும் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) கணக்கு 15 வருடம் முடிந்திருந்தால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். மீதியில் ஒரு பகுதி பங்குச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) இருக்கலாம், ஒரே நாளில் கொட்டாமல் ஒன்றிரண்டு வருடத்தில் தவணையாகப் போடுங்கள். சந்தை நன்றாக இருக்கும் வருடத்தில் இதிலிருந்து எடுத்து இரண்டாவது பங்கில் இன்னொரு டெபாசிட் சேருங்கள். விழுந்து கிடக்கும் வருடத்தில் தொடாதீர்கள். அதற்காகத்தான் ஐந்து வருடச் சம்பளத்தை முன்னாலேயே ஒதுக்கினோம்.

இப்போது சம்பளம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 34,000 வீட்டுச் செலவுக் கணக்குக்கும், 6,000 வருடச் செலவுக் கணக்குக்கும் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். ஏ.டி.எம். கார்டு வீட்டுச் செலவுக் கணக்குக்கு மட்டும் போதும். 25ஆம் தேதி பணம் தீர்ந்தால் சம்பளக்காரராக இருந்தபோது எப்படிச் சமாளித்தீர்களோ அப்படியே சமாளியுங்கள். பெரிய கணக்கைத் திறக்கும் பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. இந்த 34,000-க்குள்ளேயே இருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கேள்வி கேட்கப்படாத கைச்செலவு வையுங்கள். சம்பளம் வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்ததும் மற்றவரின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கத் தொடங்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வேண்டவே வேண்டாம்.

படி 5: எந்த வயதில் எது வரும் என்று எழுதி ஒட்டுங்கள்

பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் போதும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடப் பணி வேண்டும், முழுப் பென்ஷன் 58இல். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு ஆயுளுக்கும் தொடரும். அவசரம் இல்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தில் ஸ்கீம் சர்டிபிகேட் (உங்கள் பணிக்காலத்தைப் பென்ஷனுக்காகப் பதிவு செய்து தரும் சான்றிதழ்) வாங்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். 60 வயதில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், ஒருவருக்கு 30 லட்சம் வரை, 8.2 சதவீதம். பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும். நீங்கள் 55க்கு மேல் வி.ஆர்.எஸ். வாங்கியவரானால், ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை இதில் போடலாம். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் முதல் படியில் சொன்ன காத்திருப்பு பொருந்தாது.

படி 6: காலை பத்து மணிக்கு என்ன செய்வது?

இத்தனை வருடமும் அந்த நேரத்தில் வீடு இன்னொருவருடையதாக இருந்திருக்கிறது. சமையல் முடித்து ஒரு காபியோடு உட்காரும் அரை மணி நேரம் மனைவிக்குச் சொந்தமானது. நீங்கள் புதிதாக வந்தவர். குழம்புக்கு யோசனை சொல்லாமல், ஏதாவது ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்குவது என்றால், என்ன தீர்ந்தது என்று பார்ப்பதிலிருந்து கழுவி எடுத்து வைப்பது வரை உங்களுடையது.

பத்திலிருந்து ஒன்று வரை வெளியே ஒரு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கிளை நூலகம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது, நண்பரின் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவது, எதுவானாலும் சரி. ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று சொந்தக்காரர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் அனுப்பத் தொடங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று வைத்து, அந்த நாளைச் சொல்லிவிடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் சேர்ந்து கணக்குப் பார்க்க. எந்த வங்கியில் எவ்வளவு, எப்போது முதிரும், நாமினி யார் என்பதை ஒரே நோட்டில் எழுதுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். பணம் அனுப்புவது, டெபாசிட் புதுப்பிப்பது எல்லாவற்றையும் வழக்கமாகச் செய்பவர் ஒரு மாதம் கையை எடுத்துவிட்டு மற்றவரைச் செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தை நோட்டில் விளக்கமாக எழுதி வையுங்கள்.