ஸ்டென்சிலுக்கு அடியில் மை கசிந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் மழைதான். தீபாவளி வாழ்த்து அட்டை செய்கிற நேரமும் அதுதான். ஈரக் காற்றில் அட்டை லேசாக வளையும். கோல ஸ்டென்சிலுக்கு, அதாவது கோல வடிவில் ஓட்டை வெட்டிய தகட்டுக்கு, அடியில் மை கசிந்து புள்ளிகள் பிசிறடிக்கும்.

மையைக் குறைத்ததும் பாதி சரியாகிவிட்டது. பிரஷ்ஷை மையில் தட்டியதும் வேண்டாத தாளில் நன்றாகத் தேய்க்கிறேன். மையே இல்லையோ என்று சந்தேகம் வரும்போதுதான் ஸ்டென்சில் மேல் வைப்பேன். அழுத்தக் கூடாது, வட்ட வட்டமாக, ஓரத்திலிருந்து ஓட்டைக்குள். நிறம் மெதுவாகத்தான் ஏறும். மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. மஞ்சள் மேல் நேராக ஊதாவைக் கொண்டுபோனால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

ஸ்டென்சிலை டேப் போட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். டேப்பை முதலில் சட்டைத் துணியில் ஒட்டி எடுத்தால் பசை குறையும், அட்டை உரியாது. அட்டை 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), வழவழப்பானது. மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

புது சிலிக்கோன் முத்திரையில் மை முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். ஈர மை மேல் தூவி, சூட்டில் உருக்கி மேடாக்கும் எம்போசிங் பவுடருக்கு மட்டும் ஹீட் கன் என்ற சூடான காற்றுக் கருவி வேண்டும். முடி காயவைக்கும் டிரையருக்கு அவ்வளவு சூடு கிடையாது. பவுடரைத்தான் மேசையெல்லாம் ஊதித் தள்ளும். மழை நாளில், தாளில் ஊறாமல் மேலேயே நிற்கும் பிக்மென்ட் மை காய நேரமாகும், ஆகவே அந்த அட்டைகளை ராத்திரியே அடித்து விரித்து வைத்துவிடுகிறேன்.