அடுக்கு மெட்டாமெட்டீரியல்: வெள்ளிப் படலத்தில் நேரும் தவறுகள்

வெள்ளியையும் ஓர் ஆக்சைடையும் சில பத்து நானோமீட்டர் தடிமனில் மாறி மாறி அடுக்கினால், கட்புலன் ஒளிக்கு அது ஒரே பொருளாகத் தெரியும்; இதுவே அடுக்கு மெட்டாமெட்டீரியல். விகிதம் சரியாக அமைந்தால், மின்புலம் படலத்துக்கு இணையாக இருக்கும்போது உலோகம்போலவும், செங்குத்தாக இருக்கும்போது கண்ணாடிபோலவும் நடந்துகொள்ளும். கணக்கு எளிதுதான். வேலை கெடுவது பெரும்பாலும் வெள்ளியில்.

வெள்ளி ஆக்சைடின் மேல் பரவாது, திட்டுத் திட்டாகத் திரளும். சுமார் 10 நானோமீட்டருக்குக் கீழே பெரும்பாலும் தீவுகள்தான் கிடைக்கும். படியும் தடிமனைக் காட்டும் குவார்ட்ஸ் மானிட்டர் 8 நானோமீட்டர் என்று காட்டுவது படிந்த நிறையை வைத்துத்தான். படலம் அறுபடாமல் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கூடவே வைத்த சோதனைக் கண்ணாடியில் நான்முனை மின்தடை அளவியை வைத்துப் பாருங்கள். 15 நானோமீட்டர் படலம் சதுரத்துக்குச் சில ஓம் காட்ட வேண்டும். கிலோ ஓம் வந்தால் அதன் மேல் அடுத்த அடுக்கைப் போடுவது வீண்.

1 நானோமீட்டர் ஜெர்மானியம் அடியில் போட்டால் வெள்ளி வழவழப்பாக அமரும். ஆனால் ஜெர்மானியம் கட்புலன் ஒளியை விழுங்கும். பத்து வெள்ளி–ஆக்சைடு ஜோடிக்கு அந்த இழப்பு பத்து மடங்கு. அதற்கு முன் படியும் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்த தவறு, வெள்ளியின் ஒளியியல் மதிப்புகளைத் தரும் ஜான்சன்–கிறிஸ்டி 1972 அட்டவணையை அப்படியே நம்புவது. வெள்ளியில் எலக்ட்ரான் மோதாமல் செல்லும் தூரம் சுமார் 50 நானோமீட்டர். 15 நானோமீட்டர் படலத்தில் அது பரப்பிலும் படிக மணிகளின் எல்லைகளிலும் முட்டிக்கொண்டே இருக்கும், இழப்பு கூடும். உங்கள் படலத்தையே எலிப்சோமீட்டரில் (எதிரொளியின் முனைவாக்க மாற்றத்தை அளக்கும் கருவி) மூன்று கோணங்களில் அளந்து, ஊடுகடத்தலையும் சேர்த்துப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் தடிமன் பிழை உட்கவர்தலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆக்சைடுத் தேர்விலும் கவனம் வேண்டும். 500 நானோமீட்டரில் வெள்ளியின் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையின் அளவு; உலோகத்துக்கு எதிர்க்குறி, கண்ணாடிக்கு நேர்க்குறி) சுமார் −9.5. படலத்துக்கு இணையான திசையில் மொத்த அடுக்கின் விடுதிறனைச் சுழியாக்க, சிலிக்கா (2.1) என்றால் 10 நானோமீட்டர் வெள்ளிக்கு 45 நானோமீட்டர் தேவை. டைட்டானியம் டை ஆக்சைடு (5.8) என்றால் 16 போதும். ஒரு ஜோடியின் தடிமன் 55-இலிருந்து 26-ஆகக் குறைவதால் அடுக்குகளை ஒரே பொருளாகக் கருதும் சராசரிக் கணக்கும் நன்றாகப் பொருந்தும். அப்போதும் உண்மையான அடுக்கு எண்ணிக்கையை வைத்துப் பரிமாற்ற அணி முறையில் (ஒளியை அடுக்கு அடுக்காகக் கணக்கிடும் முறை) சரிபாருங்கள். மூன்று நான்கு ஜோடிகளில், மேலே இருப்பது வெள்ளியா ஆக்சைடா என்பதே முடிவை மாற்றிவிடும்.

வெள்ளி போட்ட கையோடு, அடுத்த ஆக்சைடுக்காக ஆக்சிஜன் பிளாஸ்மாவைத் திறக்காதீர்கள். முதலில் 1 நானோமீட்டர் டைட்டானியம் உலோகம். வெள்ளிக்குப் பதில் அது ஆக்சைடாகும். பிறகு சூடாக்கினால் வெள்ளி மீண்டும் திரளும் என்பதால் அனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்துதல்) வேண்டாம். கடைசி அடுக்கு ஆக்சைடாகவே இருக்கட்டும்: காற்றிலுள்ள கந்தகம் திறந்த வெள்ளியைக் கருக்கிவிடும், வெட்டிய ஓரங்களிலும்கூட.