‘கொக்கட்டிச்சோலை’ ஏன் உடைகிறது? மோஷன் கிராஃபிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழா அறிவித்தல் ஒன்றுக்குத் தான் செய்த தலைப்பை ஊர்த் தம்பி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். ‘கொக்கட்டிச்சோலை’ என்ற பெயர் பொன்னிறத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழும்பி வர வேண்டும். திரையில் முதலில் ஒற்றைக் கொம்பு (ெ) மட்டும் வந்து நின்றது. மறுகா க. மறுகா அரவு (ா). ‘ட்’ வர வேண்டிய இடத்தில் ட முன்னுக்கு வந்தது, அதன் குற்று (மேற்புள்ளி) பிந்தி வந்து விழுந்தது. “அண்ண, சொஃப்ட்வெயார் பழுதா?” என்று கேட்டார்.

பழுது ஒன்றுமில்லை. நாம் 8 எழுத்தாக வாசிக்கும் அந்தப் பெயர் கணினிக்கு 8 அல்ல. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யூனிக்கோடில் அது 15 குறிகள். நடுவில் நிற்கும் ‘க’ மட்டும்தான் ஒற்றைக் குறி. மற்ற ஏழும் இரண்டிரண்டு. பாமினி என்ற பழைய ஃபொண்டில் ‘கொ’ ஒன்றுக்கே கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டுத் தட்டுகிறோம். அசைவு வேலைக்கான மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கரெக்டர் (தனிக் குறி) வாரியாக அசைவு கொடுத்தால் அது இந்தத் துண்டுகளைத்தான் எண்ணுகிறது. மட்டக்களப்பு கல்லடியில் சின்ன அறையொன்றில் கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு அழைப்பு, கடை விளம்பரம் என்று வருடக்கணக்காகச் செய்கிறவன் நான். என்னிடம் வரும் பிழைகளில் அரைவாசிக்கு மேல் இந்த வகைதான்: நம் கண் ஒன்றைப் பார்க்கிறது, சொஃப்ட்வெயார் வேறொன்றை எண்ணுகிறது.

தமிழுக்கு வழி உண்டு. எழுத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் ரேஞ்ச் செலெக்டரின் அட்வான்ஸ்ட் பகுதியில் ‘பேஸ்ட் ஒன்’ என்று இருப்பதை கரெக்டரிலிருந்து வேர்ட்ஸுக்கு மாற்றினால் சொல் முழுதாக அசையும், உடையாது. எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்றால், தலைப்பை ஷேப் (வெறும் வடிவம்) ஆக மாற்றி, கொம்பையும் கவையும் அரவையும் ஒரே குரூப்பில் கட்டுங்கள். எட்டு எழுத்துக்கு எட்டு குரூப். பத்து நிமிட வேலைதான், ஆனால் பார்க்கிறவருக்குத் தமிழ் தமிழாகத் தெரியும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் யூனிக்கோடில் தட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தெரிவு செய்து, புதிய லேயரில் திரும்பத் தட்டுங்கள். பாமினியில் செய்த புரொஜெக்டை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும் எழுத்தை ஷேப் ஆக்கிவிட்டே கொடுங்கள். அந்த ஃபொண்ட் இல்லாத கணினியில் ஊர்ப் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

அடுத்தது பிரேம் கணக்கு, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பது. இலங்கையின் தொலைக்காட்சி செக்கனுக்கு 25 பிரேம் ஓடும் ‘பால்’ (PAL) முறை, மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் இங்கே கலியாணக் கமராக்காரர் பெரும்பாலும் 25 பிரேமில் எடுப்பார். மாப்பிள்ளையின் தம்பி போனில் எடுத்துத் தரும் துண்டு 30 ஆக இருக்கும். இரண்டையும் 25 பிரேம் கொம்பொசிஷனில் (வேலைத் திரையில்) போட்டால் போன் துண்டில் செக்கனுக்கு 5 பிரேம் விடுபடும். ஆள் நின்று பேசும்போது கண்ணில் படாது. கமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் வெட்டி வெட்டி நகரும். போதாததற்குப் போன் வீடியோவில் பிரேம்களுக்கு இடையிலான நேரமும் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் பாட்டும் வாயசைவும் போகப் போக விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள். முடியுமானால் எடுக்கும்போதே 25 அல்லது 50 என்று சொல்லிவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. 50 இல் எடுத்ததை 25 இல் விரித்தால் பாதி வேக ஸ்லோ மோஷன் சுத்தமாக வரும். ஷட்டரை 50 இல் ஒரு பங்குக்கு வைத்தால் மண்டபத்து டியூப் லைட்டும் படபடக்காது.

அசைவு தொடங்கும், முடியும் இடங்களைக் குறிக்கும் கீ-பிரேம் பற்றிக் கேட்கிறவர்களை நான் வாவிக்கரைக்குத்தான் அனுப்புவேன். விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை எறிகிறவரைப் பாருங்கள். முதலில் உடம்பு பின்னால் திரும்புகிறது, மெதுவாக. பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. வலை கையை விட்ட பிறகும் விரிந்துகொண்டே போகிறது. ஈயக்குண்டுகள் தண்ணீரைத் தொடும்போது அவருடைய கை ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது. எல்லாம் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நிற்பதில்லை, எதுவும் ஒரே வேகத்தில் போவதுமில்லை. இரண்டு கீ-பிரேம் வைத்து லீனியராக (ஒரே வேகத்தில்) விட்டால் லோகோ இயந்திரம் தள்ளியது போல நகரும். தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கும் ஈசி ஈஸ் கொடுத்தால் கொஞ்சம் இளகும், ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இளகும். கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைக் கையால் இழுத்துப் பழகுங்கள். பெயர் வந்து நின்று இரண்டு மூன்று பிரேம் கழித்துக் கீழ்க்கோடு வரட்டும். சுழலும் எதற்கும் முதலில் ஆங்கர் பொயின்டை, அதாவது சுழல் மையத்தை, சரியான இடத்தில் வையுங்கள். அது விலகியிருந்தால் சக்கரம் உருளாது, தள்ளாடும்.

லோகோவின் ஓரம் கறுத்துத் தெரிவது இன்னொன்று. பிஎன்ஜி என்று இணையத்தில் எடுத்த படத்தில் சாம்பல் கட்டங்கள் படத்தோடேயே ஒட்டியிருந்தால் அதில் பின்னணி ஊடுதெரியாது, வேறு படம் தேடுங்கள். உண்மையான ஆல்ஃபா (ஊடுதெரியும் பகுதியைக் குறிக்கும் தகவல்) இருந்தும் ஓரம் கறுக்கிறதென்றால், அந்தப் படம் கறுப்பில் கலந்து சேமிக்கப்பட்டது. இன்டர்பிரெட் ஃபூட்டேஜில் ஸ்ட்ரெயிட்டை மாற்றிப் பிரிமல்டிப்ளைட் கொடுத்தால் கறுப்புப் போய்விடும். நீங்கள் செய்த பெயர்ப்பட்டியை எடிட்டருக்கு எம்பி4 ஆகக் கொடுத்தால் அதில் ஆல்ஃபா போகாது, பின்னால் கறுப்புத்தான் வரும். ப்ரோரெஸ் 4444, இல்லாவிட்டால் பிஎன்ஜி வரிசை கொடுங்கள்.

பச்சைத் திரையில் பொம்பிளையை நிறுத்தி எடுக்கும்போது கும்பத்து மாவிலையும் வாழைக்குருத்தும் பிரேமுக்குள் இருந்தால், பின்னர் பச்சையை வெட்டி எடுக்கும்போது அவையும் சேர்ந்தே மறையும். ஆளைத் திரையிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நிறுத்துங்கள். கிட்ட நின்றால் வெள்ளை வேட்டியில் பச்சை ஏறும். திரைக்குத் தனி வெளிச்சம், ஆளுக்குத் தனி வெளிச்சம். போன் வீடியோவில் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவில்தான் பதியப்படுகிறது, அதனால்தான் முடியோரம் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படுகிறது. 4கேயில் எடுத்து வெட்டிய பிறகு எச்டிக்குச் சுருக்கினால் ஓரம் மென்மையாகும்.

வானம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லடிக் கடற்கரையில் எடுத்த படத்தில் கடலுக்கு மேல் சூரியன் மறைவதாகப் போடாதீர்கள். நமக்குக் கடல் கிழக்கே. பாசிக்குடாவானாலும் திருக்கோவிலானாலும் சூரியன் கடலில் எழும்பும், மறைவது நிலத்துப் பக்கம். மட்டக்களப்பான் ஒருவன் பார்த்த கணமே அந்தப் படம் பொய் என்று தெரிந்துவிடும். அதோடு, பழைய வானத்துக்கு விழுந்த நிழல் ஆட்களின் காலடியில் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்தால் புரொஜெக்ட் 8 பிட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நிறத்துக்கு 256 படிதான். 16 பிட்டுக்கு மாற்றி மெல்லிய கிரெயின் (புள்ளித் துகள்) தூவினால் வாட்ஸ்அப்பில் போன பிறகும் ஓரளவு தாங்கும்.

கடைசியாக ரெண்டர், அதாவது முடித்த வேலையைக் கோப்பாக எழுதி எடுப்பது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்ற காலத்தில், நேரே எம்பி4 ஆக விட்டிருந்த வேலை முக்கால்வாசியில் போனது. முடிவு வரை எழுதப்படாத எம்பி4 கோப்பு திறக்கவே இல்லை, விடிந்ததும் கொடுக்க வேண்டிய கலியாணத் தலைப்பு அது. அன்றிலிருந்து நீளமான எதையும் பட வரிசையாகத்தான் விடுகிறேன். ஒரு நிமிடத்துக்கு 1500 படம், இடம் நிறையப் பிடிக்கும். ஆனால் கரண்ட் போனால் அதுவரை எழுதிய படங்கள் அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் கடைசிப் படத்தைத் திறந்து பார்த்து, பாதியில் நின்றிருந்தால் அதை மட்டும் அழித்து, ரெண்டர் செட்டிங்ஸில் ‘ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்’ தெரிவு செய்து திரும்ப விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.