மைனர் லீக் சீசன் தொடக்கம்: ஸ்டார்ட்டர் பட்டியலைப் படிப்பது எப்படி?

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பால் அணிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் ஒரு படம் போடும். மூன்று பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) முகங்கள், கீழே வெள்ளி, சனி, ஞாயிறு. முதல் தொடரில் யார் யார் ஸ்டார்ட்டர் என்ற அறிவிப்பு அது. பேஸ்பாலுக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்ததும், வெள்ளிக்கிழமை வீசுபவர்தான் அணியின் நம்பர் ஒன் என்று முடிவுகட்டிவிடுவார்கள். உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அது பெரும்பாலும் சரி. அதற்கு வீரர்களை வளர்த்து அனுப்பும் மைனர் லீக்கில் அந்தப் பட்டியல் தரவரிசையே இல்லை, தாய் அணி (மேலே இருக்கும் மேஜர் லீக் அணி) போட்டுக்கொடுத்த வேலைத்திட்டம்.

அதை எப்படிப் படிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்குப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸையும், அதன் டிரிபிள்-ஏ (மைனர் லீக்கின் மேல்மட்டம்) அணியான இண்டியானாபொலிஸ் இண்டியன்ஸையும் எடுத்துக்கொள்கிறேன். 2024 சீசன்.

முதலில் ஒரு அடிப்படை. ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுபவர் ஸ்டார்ட்டர். கிரிக்கெட்டில் புதுப்பந்து எடுப்பவர் போலத்தான், ஆனால் இங்கே ஓவர் கைமாறாது. மேனேஜர் வெளியே எடுக்கும்வரை அவரே வீசுவார். எடுத்துவிட்டால் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. எண்பது தொண்ணூறு பந்து வீசிய கை தேற நாலைந்து நாள் ஆகும். அதனால் ஐந்து அல்லது ஆறு பேரை முறை வைத்து இறக்குவார்கள். அந்த முறைக்குப் பெயர் ரொட்டேஷன்.

படி 1: அணி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

2021-ல் மைனர் லீக்கை மாற்றியமைத்ததிலிருந்து முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் ஆளுக்கு நான்கு என்று மொத்தம் 120 அணிகள். பைரேட்ஸுக்கு மேலிருந்து கீழாக: டிரிபிள்-ஏ-வில் இண்டியானாபொலிஸ், டபுள்-ஏ-வில் அல்டூனா கர்வ், ஹை-ஏ-வில் கிரீன்ஸ்பரோ கிராஸ்ஹாப்பர்ஸ், சிங்கிள்-ஏ-வில் பிரேடன்டன் மரௌடர்ஸ்.

கீழ் மட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சின்னப் பையன்கள். வாராவாரம் வீசிப் பழக வேண்டும் என்பதுதான் அங்கே குறிக்கோள். டிரிபிள்-ஏ அப்படியல்ல. மேஜர் லீக் பார்த்துவிட்டுத் திரும்பியவர், இன்னும் ஒரு வாரத்தில் மேலே போகப்போகிறவர், காயத்திலிருந்து தேறி வருபவர் எல்லாரும் ஒரே ஓய்வறையில் இருப்பார்கள். இரண்டு மட்டத்திலும் அறிவிப்பின் படம் ஒரே மாதிரிதான் இருக்கும், அர்த்தம் வேறு.

படி 2: குறிகளைப் பழகுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. பெயருக்கு முன்னால் ஆர்.எச்.பி. என்றிருந்தால் வலக்கைக்காரர், எல்.எச்.பி. என்றால் இடக்கைக்காரர். டி.பி.டி. என்றால் இன்னும் முடிவாகவில்லை. சனி, ஞாயிறில் டி.பி.டி. இருந்தால் சுவாரசியமாகப் பாருங்கள். பல சமயம் தாய் அணியில் யாருடைய முழங்கை எப்படி இருக்கிறது என்று தெரிவதற்காகக் காத்திருப்பார்கள்.

படி 3: காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

இதில்தான் விஷயமே இருக்கிறது. மைனர் லீக்கில் வழக்கமான வாரம் என்றால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. சீசனின் முதல் தொடர் மட்டும் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டத்தோடு முடியும். 2024-ல் டிரிபிள்-ஏ மார்ச் 29 வெள்ளியன்று தொடங்கியது. மற்ற மூன்று மட்டங்களும் ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 5-ல்.

இப்போது ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ரொட்டேஷனில் ஆறு பேர் இருந்தால் வெள்ளி முதலாமவர், சனி இரண்டாமவர், ஞாயிறு மூன்றாமவர். திங்கள் லீவு. செவ்வாய், புதன், வியாழன் மற்ற மூவர். அடுத்த வெள்ளி மறுபடி முதலாமவர். ஆளுக்கு வாரம் ஒரு ஆட்டம், கிழமைகூட மாறாது.

ஐந்து பேர்தான் என்றால் கணக்கு வேறு. செவ்வாய் நான்காமவர், புதன் ஐந்தாமவர், வியாழக்கிழமையே முதலாமவர் திரும்பிவிடுவார். நடுவில் அவருக்குக் கிடைத்தது ஐந்து நாள் ஓய்வு. அந்த ஞாயிறன்று செவ்வாய்க்கிழமைக்காரர் மறுபடி வருவார், அவருக்கு நாலே நாள் ஓய்வு.

ஆக, முதல் வெள்ளி வீசியவர் அடுத்து வியாழன் வருகிறாரா, வெள்ளி வருகிறாரா என்று பார்த்தாலே அந்த அணி ஐவர் ரொட்டேஷனா அறுவர் ரொட்டேஷனா என்று ஓரளவு தெரிந்துவிடும். இளம் கைகளை வைத்திருக்கும் அணிகள் அறுவர் முறையை விரும்பக் காரணம், திங்கள் லீவோடு அது அச்சில் வார்த்தாற்போலப் பொருந்துகிறது. மழை வந்து ஒரு ஆட்டம் தள்ளிப்போனால் எல்லாம் குழம்பும். ஏப்ரலில் அது அடிக்கடி நடக்கும். அதனால் பேனாவில் எழுதாதீர்கள், பென்சிலில் எழுதுங்கள்.

படி 4: தாய் அணியின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள்

மைனர் லீக் ரொட்டேஷன் மேலிருந்து கீழே வடியும். 2024 வசந்தகாலப் பயிற்சியில் ஜாரெட் ஜோன்ஸ் என்ற இளம் பிட்சர் நன்றாக வீசிப் பைரேட்ஸின் ரொட்டேஷனிலேயே இடம்பிடித்துவிட்டார். மார்ச் 30 அன்று மயாமியில் முதல் மேஜர் லீக் ஆட்டம், பத்து ஸ்ட்ரைக்-அவுட் (பீல்டர் உதவி இல்லாமல் பிட்சரே பேட்டரை அவுட்டாக்குவது). அவர் மேலே போனதும் இண்டியானாபொலிஸில் ஒரு இடம் காலி. அதே சீசனைப் பப்பா சாண்ட்லர் டபுள்-ஏ அல்டூனாவில் தொடங்கி, பிற்பாதியில் இண்டியானாபொலிஸ் வந்தார். மேலே ஒருவர் நகர்ந்தால் கீழே நான்கு ஊர்களின் பட்டியலும் மாறும். உங்களுக்குப் பிடித்த பெயர் எதிர்பார்த்த ஊரில் இல்லையென்றால் முதலில் மேலே பாருங்கள், அப்புறம் காயப் பட்டியலைப் பாருங்கள்.

கூடவே அந்த பிட்சர் தாய் அணியின் 40 பேர் பட்டியலில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால், மேலே யாருக்காவது தோள் வலித்தால் ஒரே போனில் அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவருக்காக ஒரு இடத்தைக் காலி செய்ய வேண்டும். மேலிருந்து கீழே அனுப்பப்பட்ட பிட்சர், யாரோ ஒருவர் காயமடைந்து அவருக்குப் பதிலாகப் போனாலொழிய, 15 நாள் கீழேயே இருந்தாக வேண்டும். காயத்திலிருந்து திரும்பும் மேஜர் லீக் பிட்சர்கள் ஒத்திகைக்காக 30 நாள்வரை மைனர் லீக்கில் வீசலாம். அப்படி ஒருவர் திடீரென்று வந்து ஒரு முறையைத் தட்டிக்கொண்டுபோனால் உள்ளூர்ப் பையன் ஒருநாள் தள்ளிப்போவான். அவன் மேல் மேனேஜருக்குக் கோபம் என்று அர்த்தமில்லை.

படி 5: எத்தனை இன்னிங்ஸ் என்ற எதிர்பார்ப்பை முன்பே மட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்

2024-ல் இண்டியானாபொலிஸின் முதல் நாள் ஸ்டார்ட்டர் பால் ஸ்கீன்ஸ். 2023 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வில்) முதல் தேர்வு. நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆள் வீசியது மூன்றே இன்னிங்ஸ் (கிரிக்கெட் இன்னிங்ஸ் இல்லை; பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது, பிட்சருக்கு மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ்). ஒரு பேட்டரைக்கூட பேஸில் கால் வைக்க விடவில்லை, ஐந்து ஸ்ட்ரைக்-அவுட். அதோடு வேலை முடிந்து உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு நன்றாக வீசியவரை ஏன் எடுத்தார்கள்? ஏற்கெனவே எழுதிவைத்த திட்டம் அது. முந்தைய ஆண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 122⅔ இன்னிங்ஸ் வீசியிருந்தார். டிராஃப்டுக்குப் பின் பைரேட்ஸ் அவரை மைனர் லீக்கில் வெறும் 6⅔ இன்னிங்ஸ்தான் வீசவிட்டது. புது சீசனில் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். இண்டியானாபொலிஸில் ஏழு ஆட்டத்தில் மொத்தம் 27⅓ இன்னிங்ஸ், அதாவது சராசரி நாலுகூட இல்லை. மே 11-ல் பிட்ஸ்பர்க்கில் அறிமுகம். அந்த ஆண்டே நேஷனல் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கினார்.

(மே மாதம்வரை கீழே வைத்ததற்கு இன்னொரு காரணமும் அப்போது ரசிகர்கள் வாயில் அடிபட்டது. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு முழு ஆண்டு சேவை என்று கணக்கு. அது தள்ளிப்போனால் வீரர் அணியை விட்டுப் போகும் ஆண்டும் தள்ளிப்போகும். விருதுப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் முழு ஆண்டும் கிடைக்கும் என்ற விதியால் ஸ்கீன்ஸுக்கு அது கிடைத்துவிட்டது. பட்டியலைப் படிக்கும்போது காசுக் கணக்கையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்வது நல்லது.)

இத்தனை ஜாக்கிரதை ஏன் என்றால், முழங்கைத் தசைநார். அது கிழிந்தால் செய்யும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சையை 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தார். இன்றும் தேறி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த குமார் ராக்கர், அப்போது டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ஹை-ஏ அணியாக இருந்த ஹிக்கரி கிராடாட்ஸில் 2023 சீசனைத் தொடங்கினார். ஆறு ஆட்டத்தோடு நின்றது. மே மாதம் இதே அறுவைச் சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் ஏறினார்.

படி 6: இரண்டாவதாக வருபவரைக் கவனியுங்கள்

ஸ்டார்ட்டர் மூன்று நாலு இன்னிங்ஸோடு போனால் மீதியை யார் வீசுவது? சில அணிகள் இரண்டு ஸ்டார்ட்டர்களை ஒரே ஆட்டத்துக்கு ஜோடி போட்டுவிடும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2013 முதல் தன் மைனர் லீக் அணிகளில் இதைப் பரவலாகச் செய்தது. அறிவிப்பில் ஒரு பெயர்தான் இருக்கும், ஆனால் ஐந்தாவது இன்னிங்ஸில் வருபவரும் ஸ்டார்ட்டராக வளர்க்கப்படுபவராக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசத்தான் முதலில் இறக்குவதும் உண்டு. டாம்பா பே ரேஸ் 2018 மே மாதம் செர்ஜியோ ரோமோவை அடுத்தடுத்த இரண்டு நாள் அப்படி இறக்கியதிலிருந்து இந்த உத்தி பிரபலம்.

படி 7: எண்களில் எதைப் பார்ப்பது

வெற்றி–தோல்விக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். ஸ்டார்ட்டருக்கு வெற்றி எழுத ஐந்து இன்னிங்ஸ் முடித்திருக்க வேண்டும். மூன்றில் நிறுத்தும் திட்டத்தில் இருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி. பீல்டிங் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தால் 6.00. பார்க்க பயங்கரமாக இருக்கும், அடுத்த ஆட்டத்தில் பாதியாகிவிடலாம். மைதானமும் முக்கியம். நியூ மெக்சிகோவின் ஆல்பகெர்க்கி 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து பறக்கும். அங்கே 5.00 வைத்திருப்பவரை மட்டமாக நினைக்காதீர்கள்.

ஆரம்பத்தில் நம்பத் தகுந்தவை இரண்டு: ஸ்ட்ரைக்-அவுட் எத்தனை, நாலு தப்புப் பந்து போட்டு பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பும் ‘வாக்’ எத்தனை. ஸ்கீன்ஸின் அந்த 27⅓ இன்னிங்ஸ் என்றால் 82 அவுட். அதில் 45 ஸ்ட்ரைக்-அவுட். பாதிக்கு மேல் பீல்டர்களுக்கு வேலையே வைக்கவில்லை.

படி 8: நேரத்தைக் குறித்துக்கொண்டு பின்தொடருங்கள்

அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6:35 ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4:05. வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர் என்று போட்டிருந்தால் இங்கே சனிக்கிழமை காலை. எழுந்திருக்க முடியாதவர்கள் காபியோடு மைனர் லீக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் ஸ்கோர் அட்டையைத் திறந்தால் போதும்.

ஒரு நோட்டில் தேதி, பெயர், எந்தக் கை, எத்தனை இன்னிங்ஸ், எத்தனை பந்து, ஸ்ட்ரைக்-அவுட், வாக், கடைசியாக வீசி எத்தனை நாள் ஆயிற்று என்று எட்டுப் பத்தி போடுங்கள். பந்து எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் திட்டம் ஒழுங்காகப் போகிறது. நன்றாக வீசிக்கொண்டிருந்தவரை இரண்டாவது இன்னிங்ஸிலேயே காரணமில்லாமல் எடுத்துவிட்டால் உடனே தாய் அணியின் செய்தியைப் பாருங்கள். மேலே யாரோ காயமடைந்திருக்கலாம், இவருக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கலாம்.