மோர்ஸ் துடிப்புகளைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர்: நாமே கட்டலாம்

மோர்ஸ் ஒலியை இரைச்சலிலிருந்து பிரிக்க ஃபில்டர் கட்டும்போது, பட்டை அகலத்தை (ஃபில்டர் கடக்கவிடும் அலைவெண்களின் அகலத்தை) முடிந்த மட்டும் குறுக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். துடிப்பு கெடுவது அங்கேதான். அதனால் பாகங்களை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு.

1. வேகம் நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு புள்ளி, அதாவது மோர்ஸின் குறுந்துடிப்பு, 60 மில்லி வினாடி (1200ஐ 20ஆல் வகுங்கள்). துடிப்பு வந்ததும் ஃபில்டர் எழ எடுக்கும் நேரம், சுமார் 0.7ஐப் பட்டை அகலத்தால் வகுத்தால் வரும். நாம் கட்டப்போகும் 145 ஹெர்ட்ஸுக்கு 5 மில்லி வினாடி, நல்லது. 15 ஹெர்ட்ஸுக்கு 47! எழுந்து முடிப்பதற்குள் புள்ளியே முடியப் போகிறது. அடங்கவும் அதே நேரம் ஆவதால் அடுத்த புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும்.

2. டி.எல். 072 ஆப்-ஆம்ப்பின் (பெருக்கிச் சிப்பின்) 8ஆம் காலுக்கு 9 வோல்ட், 4ஆம் கால் தரைக்கு. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 9 வோல்ட்டைப் பாதியாக்கி, அந்த நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு ஒரு 10 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். 3, 5ஆம் கால்கள் நடுப்புள்ளிக்கு. 6, 7ஐ ஒன்றாக இணைத்துவிடுங்கள்.

3. இதுதான் ஃபில்டர். உள்ளீட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக ஒரு சந்தி. சந்தியிலிருந்து 2.2 கிலோ ஓம் நடுப்புள்ளிக்கு, ஒரு 10 நானோ ஃபாரட் 2ஆம் காலுக்கு, இன்னொன்று 1ஆம் காலுக்கு. 1க்கும் 2க்கும் இடையே 220 கிலோ ஓம். மைய அலைவெண் சுமார் 730 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர்கள் பாலியெஸ்டராக இருக்கட்டும். சாதா செராமிக் வெப்பத்தில் மதிப்பு மாறும்.

4. டோன் ஜெனரேட்டர் செயலியில் 600லிருந்து 900 வரை மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். உச்சம் தள்ளி வந்தால் 2.2 கிலோவுக்குப் பதில் 1.5 கிலோவும் 1 கிலோ டிரிம்மரும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) தொடராகப் போட்டுத் திருகுங்கள். மையம் நகரும், பட்டை அகலம் அப்படியே நிற்கும். இந்தச் சுற்று எனக்குப் பிடித்ததே இதற்காகத்தான்.

5. அப்புறம் கண்டறிதல், அதாவது ஒலியை ஆன்-ஆஃப் துடிப்பாக மாற்றுவது. 1ஆம் காலிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். அங்கிருந்தே 1என்4148 டையோடு. டையோடுக்குப் பின் 100 நானோ ஃபாரட், 100 கிலோ ஓம் இரண்டும் தரைக்கு. 10 மில்லி வினாடியில் தணியும் இது, புள்ளியின் வடிவத்தைக் கெடுக்காது. இதை எல்.எம். 393இன் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சிப்) கூட்டல் முனைக்குக் கொடுங்கள். கழித்தல் முனைக்குப் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து ஒரு வரம்பு மின்னழுத்தம். வெளியீட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் கட்டாயம்: அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல துடிப்பு வந்தாலும் வெளியீடு மேலே எழாது.